தோசைக்கல்லில் காய்ந்த பிளக்குகள்

பெட்ரோல் வாடை பட்டால் எனக்கு இன்றும் தோசை ஞாபகம்தான் வரும். எழுபதுகளில், தூத்துக்குடியில், அப்பாவின் டாக்சி இரவெல்லாம் கடற்காற்றில் ஈரமேறி, காலையில் இருமி இருமிக் கிளம்பாமல் நிற்கும். துறைமுகச் சவாரி கைவிட்டுப் போய்விடுமே என்று ஈரமான ஸ்பார்க் பிளக்குகளை எஞ்சினிலிருந்து கழற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவருவார்.

"ஏளா, கல்லு காஞ்சிட்டா?"

"வையுங்க, தோச பொறவு சுடுதேன்" என்பாள் அம்மா.

பிளக்குகள் காயும்வரை அவள் பக்கத்திலேயே குந்தியிருப்பார். நாளெல்லாம் ஓடுகிறவர் அவளோடு உட்கார்ந்து பேசுவது அப்போது மட்டும்தான். உப்பு அரித்த வயர்களை மெக்கானிக் மாற்றிய மறுநாள், வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் கைதட்டினோம். அம்மா, காய்ந்த கல்லில் மாவு ஊற்றாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.