அடிவாரத்தோடு திரும்பிய யாத்திரை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணி. காலை ஆறரை மணிக்கு வாலாஜாபாத்தில் ரயில் ஏறினேன். அரக்கோணம் இருபத்தாறு மைல், சார்ஜ் ஏழணா. யுத்த காலமாகையால் வண்டிகள் குறைவு, ஜனம் அதிகம். வாசற்படியோரம் நின்றுகொண்டே போனேன். கையிலிருந்த துணிப்பையில் ஒரு மாற்று வேட்டி, கட்டுச்சோறு, மஞ்சள் துணியில் சுற்றிய என் மனைவி கனகத்தின் சவுரி.

திருத்தணிக்குப் போய் வந்தவர்கள் மலைமேல் கண்டதைத்தான் எழுதுவார்கள். நான் மலை ஏறவில்லை. படிக்கிறவர்கள் ஏமாறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றரைக் காணி நிலம் வைத்துப் பயிர் செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆவணியில் எனக்கு விஷ ஜுரம் கண்டது. பதினெட்டு நாள் நினைவில்லை. கனகம் திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்தால் வருகிற ஆடிக் கிருத்திகைக்கு வந்து தன் முழு முடியும் கொடுப்பதாக. நான் எழுந்து உட்கார்ந்தேன். புரட்டாசிக் கடைசியில் அவளுக்குப் பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டாள். நான் மருந்துக்காக ஓடிக்கொண்டிருந்தேன். அவளுக்காக எந்தச் சாமியையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கருமம் நானே செய்தேன்.

செத்தவர்களின் ஆத்மா ஒரு வருஷம் நடக்கிறது என்று எங்கள் புரோகிதர் சொன்னார். மாதாமாதம் நாம் வைக்கிற சோறும் தண்ணீரும்தான் அதற்கு வழிச்சாப்பாடாம். சாமிக்குச் சொன்ன சொல் பாக்கி இருந்தால் போய்ச் சேருகிற இடத்தில் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இது சாஸ்திரத்தில் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அவள் வேண்டுதல் தீர வேண்டும். சாவு விழுந்த வீட்டுக்காரனோ அந்த வருஷம் திரும்பும் வரை மலைக்கோயில் ஏறக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். கடைசியில், அடிவாரம் மலையில் சேர்ந்தது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டேன்.

எட்டரை மணிக்கு அரக்கோணம். இரண்டு மணி நேரம் காத்திருந்து அடுத்த வண்டி பிடித்தேன். அங்கிருந்து எட்டு மைல்தான், இரண்டேகால் அணா. பெட்டி முழுக்கக் காவடி, பூ வாசனை, ஒரே அரோகரா. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வருஷம் ஆகாதவன் சொல்லலாமா என்று சந்தேகமாக இருந்தது.

திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர், "மலையடி ரெண்டணா! வாங்க சாமி, குடும்பத்தோட வந்திருந்தா மொத்தமா பேசிக்கலாம்" என்றார்.

"நான் ஒத்த ஆளு."

"ஒத்த ஆளா? திருவிழாவுக்கா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, ஏறுங்க. குருதைக்குப் பாரம் கம்மி" என்றார்.

பதினொன்றரை மணிக்கு நல்லாங்குளம் சேர்ந்தேன். சரவணப் பொய்கை என்பதும் அதுதான். நான்கு பக்கமும் கல் படி. மலைப்படி அங்கிருந்தே தொடங்குகிறது. முடி இறக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடம் போய்த் துணியைப் பிரித்துக் காட்டினேன்.

"இன்னா ஐயா இது? சவுரியா?"

"ஆங். எங்க வீட்டுக்காரி முடி. அவ வேண்டுதல்."

"அவங்கள வரச் சொல்லுங்க. ஒக்காரட்டும்."

"அவ போய் பத்து மாசம் ஆவுது."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. தலையில இருந்து கத்தி பட்டு எறங்கினாத்தான் அது காணிக்கை. இத அப்படியே கூடையில போட்டா வெறும் சவுரி. அதுவும் செத்தவங்களுது. திருவிழா நாளும் அதுவுமா நான் எப்படித் தொடறது?"

அவர் சொன்னது நியாயம். தள்ளிப் போய்ப் படியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். குளத்திலேயே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். தண்ணீரில் விடுவதற்கு எங்கள் ஊரிலேயே பாலாறு இருக்கிறதே, இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன்? என்னைச் சுற்றி அத்தனை ஜனம். ஒவ்வொருவருக்கும் சோப்புத் துண்டு எடுத்துக் கொடுக்கவும் ஈரத்துணி பிழியவும் ஒருவர் இருந்தார்.

பக்கத்தில் பூக்காவடியை இறக்கி வைத்துவிட்டு ஒரு புருஷன் பெண்சாதி முறைக்குக் காத்திருந்தார்கள். பொதட்டூர்பேட்டையில் தறி போடுகிறவர்கள், முதல் நாளே நடந்து வந்தவர்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணா, அத இப்பிடிக் குடுங்க" என்று சவுரியை வாங்கித் தடவிப் பார்த்தாள். "கடையில வாங்கினது இல்லியே. அவங்க சொந்த முடியா?"

"சீவறப்ப உதுர்றத செவுத்துப் பொந்துல சேத்து சேத்து வெப்பா. இருவது வருசத்து முடி." நுனிப் பக்கம் கன்னங்கரேலென்று இருக்கும், கல்யாணமான புதிதில் உதிர்ந்தது. மேலே வர வர நரை கலந்திருக்கும்.

அவள் முடி இறக்குகிறவர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள்: "இன்னாங்க, தலையில இருந்து எறங்கணும், அவ்ளோதானே? இவரு தலையில கட்டி வுட்டா?"

"அது எப்படிம்மா இவரு முடி ஆவும்?"

"எங்களக் கேளுங்க. கட்டினதுக்கு அப்பறம் அது எந்தத் தலையில கீதோ அந்தத் தலை முடிதான். அப்பிடி நெனைச்சிக்கினுதானே தெனம் பூ வெக்கிறோம்?"

அவர் சிரித்துவிட்டார். "பொதட்டூர்பேட்டைக்காரிகிட்ட பேசி ஜெயிக்க முடியாது. கட்டுங்க, வழிச்சி வுடறேன்."

கருமத்தில் மழித்த தலையில் பத்து மாதமாக வளர்ந்த முடி, ஒரு முடிச்சுப் போடத்தான் எட்டியது. அவள் என் பின்னால் நின்று அதைக் கூட்டிப் பிடித்து, சவுரிக் கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றிப் பின்னினாள். கனகமும் அப்படித்தான் கட்டிக்கொள்வாள். கயிறு பல்லில் இருக்கும்போது நான் ஏதாவது கேட்டால் 'ம், ம்' என்று மட்டும் பதில் வரும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னல் முதுகில் விழுந்ததும் குளக்கரையில் சிரிப்பு எழுந்தது. "அண்ணனுக்கு ரெண்டு மொழம் பூவும் வெச்சி வுடேன்" என்றார் அவள் புருஷன்.

"நீ சும்மா கெட. அவரு தலையில யாரு ஒக்காந்துக்கினு கீறாங்கன்னு தெரியாம பேசாத" என்று அவள் அதட்டினாள். அவர் உடனே கைகூப்பிவிட்டார். எனக்கா, கனகத்துக்கா, தெரியவில்லை.

தலையை நனைத்த பிறகு, "யாருக்குன்னு பேரச் சொல்லி நெனைச்சிக்குங்க" என்றார் முடி இறக்குகிறவர். பத்து மாதமாக வீட்டில் கூப்பிட ஆள் இல்லாத பெயரை வாய்விட்டுச் சொன்னேன். கத்தி இறங்கியது. மடியில் விழுந்த முடியில் எது என்னுடையது, எது அவளுடையது என்று பார்த்தேன். ஈரத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் அள்ளி, மற்றவர்கள் முடி கிடந்த கூடையிலேயே போட்டார்.

குளித்து எழுந்தபோது அந்தத் தம்பதி மேலே ஏறத் தயாராக நின்றார்கள். "அவங்க பேருக்கு அர்ச்சனை பண்ணலாம்னா, செத்தவங்களுக்குக் கெடையாதே அண்ணா" என்று அவள் தயங்கினாள்.

"அர்ச்சனை வேணாம்மா. சன்னதியில நின்னு, சொன்னபடி குடுத்துட்டாள்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"ஆங், சொல்றேன்" என்று படி ஏறினாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. முதல் படிக்கு ஒரு முழம் இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாக் காவடியும் ஒன்றுபோலத் தெரிந்தது.

மூன்றேகால் வண்டியில் திரும்பினேன். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, அரக்கோணத்தில் ரயில் வேலை பார்க்கிற ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "தரிசனம் நல்லா ஆச்சுங்களா? துன்னூறு இருந்தா கொஞ்சம் குடுங்க."

"நான் ஏறலீங்க. எங்க வீட்டுக்காரி வேண்டுதல். அவதான் முடி குடுத்தா."

"கூட்டத்துல அவங்கள வுட்டுட்டு நீங்க முன்னால வந்துட்டீங்களா?"

இல்லை, அவள்தான் முன்னால் போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாகப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அரக்கோணம் வரும் வரையில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து வந்தார்.

எங்கள் ஊரில் திருத்தணி போய் வந்தவர்களை வாசலில் நிறுத்திக் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நானே பூட்டைத் திறந்து, நானே ஊற்றிக்கொண்டேன். புரட்டாசி கழிந்ததும் அந்தப் படிகளில் நானும் ஏறலாம். அன்றைக்கு முருகனிடம் உயிர் கேட்கப் போவதில்லை, சுகம் கேட்கப் போவதில்லை. அவள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று மட்டும் கேட்பேன்.