இரவல் ஸ்வெட்டரில் ஊழியம்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு. பெரும்பாக்கம் குடியிருப்பு மக்களுக்குப் பழைய துணி சேகரிக்கிறோம், உடுத்தக்கூடிய நிலையில் இருந்தால் வாட்ச்மேன் அறையில் வைத்துவிடவும் என்று. கூடவே கும்பிடும் கைகள் இரண்டு. மறுநாள் காலை பால் வாங்க இறங்கினால், அந்த அறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. எனக்கு அது ஆகாது. சிலருக்குத் தும்மல் வரும், எனக்குக் கோபம் வரும். காலங்காத்தாலே வாட்ச்மேன் அண்ணனிடம் சிடுசிடுத்துவிட்டு வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது தாம்பரத்திலிருந்து திருநீர்மலை போகிற வழியில் ஒரு கிராமத்தில். இன்றைக்குப் போய் அதைக் கிராமம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்பா இல்லை. அம்மா பக்கத்துக் காலனியில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். எங்கள் சபையில் பாதிப்பேர் அந்தக் காலனிக்காரர்கள், மீதி எங்கள் தெரு. ஆராதனையில் எல்லாரும் ஒன்றுதான். டிசம்பர் முதல் வாரம் மட்டும் இரண்டாகிவிடுவோம். அவர்கள் துணி மூட்டைகளோடு வருவார்கள், நாங்கள் மண்டபத்தில் வரிசையில் நிற்போம். பெயர் படிப்பார்கள். போய் வாங்கி, ஸ்தோத்திரம் சொல்லி, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு வர வேண்டும்.

ஒரு வருஷம் எனக்கு ஊதா நிறத்தில் ஒரு கவுன் கிடைத்தது. ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னோடது, கையில பாரு, நான் கொட்டின இங்க்" என்றாள். பார்த்தேன். இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மா, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்றாள். இந்த மாட்டுக்குப் பல்லே இல்லையே என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அப்புறம் அவளே கவுனை இன்னொரு தடவை சோப்புப் போட்டு அலசினாள். வாசனை போகவில்லை.

இருபத்து நான்கு வயதில் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலைக்கு இருந்தேன். இரும்பு பீரோக் கதவுகள் கோணலா நேரா என்று அளந்து பார்க்கிற வேலை. கோணல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன், தயவு தாட்சண்யம் கிடையாது. இந்தக் குணம் வேலையில் வந்ததா, வேலையே இந்தக் குணத்தால் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். வாரத்தில் நான் சிரித்த முகத்தோடு இருந்த ஒரே நாள் அதுதான்.

அப்போதுதான் சபையில் அந்த அறிவிப்பு வந்தது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து நாள் ஊழியம். முன்பள்ளிக் கட்டடம் ஒன்றுக்குச் சுவர் பூசி வர்ணம் அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். எட்டுப் பேர் போகலாம். எங்கள் தெருவிலிருந்து பெயர் கொடுத்த முதல் ஆள் நான். சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துவிடுகிறேன் சார் என்றேன். "சரிம்மா, சமையலுக்கும் ஒரு கை வேணும்" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். வாயை அடக்கிக்கொண்டேன். போனால் போதும் என்று இருந்தது. அம்மா அந்த வாரம் தெருவில் எதிர்ப்பட்ட ஆடு மாட்டிடம்கூட, தன் பெண் பிளேனில் போகப்போவதைச் சொல்லியிருப்பாள்.

ஆறு சனிக்கிழமை பயிற்சி. யோனாவின் கதையை நாடகமாகப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. எங்களை அழைத்துப்போகிற சார்தான் யோனா. எனக்கு மீன் வேஷம். வசனம் கிடையாது, வாயைத் திறந்து சாரை விழுங்க வேண்டியதுதான். அதை மட்டும் மனசாரச் செய்தேன்.

கிளம்புகிற வாரம் ஆளுக்கொரு பெரிய பெட்டி கொடுத்தார்கள். அதில் சபையார் கொடுத்த பழைய துணி. அதே டிசம்பர் மூட்டைதான், இந்தத் தடவை கடல் தாண்டுகிறது. எங்கள் சொந்தத் துணியெல்லாம் தோள்பையில் அடங்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை குப்பென்று அடித்தது. ஆனாலும் பேசாமல் மூடிப் பூட்டினேன், அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

எட்டுப் பெட்டியிலும் ஒரு ஸ்வெட்டர் கிடையாது. எங்கள் எட்டுப் பேரிடமும் கிடையாது. தாம்பரத்தில் ஏது ஸ்வெட்டர்? மார்கழியில் ஃபேனை இரண்டில் வைத்தால் எங்களுக்குக் குளிர்காலம். மலைக்குப் போகிறோம் என்று தெரியும், தேயிலை குளிரில் வளர்கிறது என்று நானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இட்லிப் பொடி மட்டும் மூன்று கிலோ இருந்தது.

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி போகிற நேரத்தில் பிளேன் கொழும்பு போய்விட்டது. அங்கிருந்து மலையேறத்தான் ஒரு பகல் முழுக்க ஆனது. சாயங்காலம் தோட்டத்துச் சபையின் கோயில் வாசலில் நின்று வாழ்த்துப் பாட்டுப் பாட ஆரம்பித்தோம். இரண்டாவது அடிக்குள் எட்டுப் பேருக்கும் பல் தந்தியடித்தது. மலர் அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். கொழுந்து பறிக்கிறவர், அங்கே பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. "என்னா புள்ள, ஒரு கம்பளிகூட இல்லாமலா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் கதவு கதவாகத் தட்டி எட்டு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். எனக்கு அவர் மகளுடையது. சாருக்கு மலர் அக்காவின் வீட்டுக்காரருடைய பச்சை ஸ்வெட்டர். அந்த மனிதர் மறுநாள் காலை தோளில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனதை நான் பார்த்தேன்.

வேலை நன்றாகவே நடந்தது. முன்பள்ளி ஜன்னல் சட்டம் கோணலாக இருந்ததைக் கண்டுபிடித்து, கழற்றி நேராக மாட்ட வைத்தேன். அதற்கப்புறம் என்னை யாரும் சமையல்கட்டுக்குக் கூப்பிடவில்லை.

கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் துணி கொடுப்பதாக ஏற்பாடு. பெண்கள் நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார்கள். வெளியே தார்ப்பாய் விரித்துப் பெட்டிகளைத் திறந்தோம். சார் ஒரு கையில் பட்டியல், ஒரு கையில் கேமராவோடு நின்றார். அவர் பெயர் படிப்பார், நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் பெயருக்கு ஒரு பெண் குழந்தை வந்தது, எட்டு வயசிருக்கும், கஞ்சி போட்டுத் தேய்த்த பாவாடை. என் கையில் தையல் விட்ட ஒரு கவுன். குழந்தை கையை நீட்டுவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தது.

"நான் குடுக்க மாட்டேன் சார்" என்றேன்.

சார் கிட்டே வந்து குரலைத் தணித்தார். "என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க. சபையில அன்பா குடுத்தது."

"நீங்க போட்டிருக்கிற ஸ்வெட்டர் யாருது சார்?"

அவர் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். மலர் அக்கா நடுவில் வந்தார். என்னைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவரோ, "ஒங் கோவத்த ஒன்னோட வச்சுக்க தங்கச்சி. துணி வேணுங்கிறவங்களும் இங்க இருக்காங்க" என்றார். பிறகு சாரிடம் திரும்பி, "பேரு படிக்க வேணாம் சார், படமும் புடிக்க வேணாம். வச்சிட்டுச் சாப்பிட வாங்க. வேணுங்கிறவங்க எடுத்துக்குவாங்க" என்றார். எனக்கும் சாருக்கும் ஒரே சமயத்தில் குட்டு விழுந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பாதித் துணி இல்லை. யார் எடுத்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்படியும் கொடுக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு நான் வருத்தப்படவில்லை, இன்றுவரை.

ஊர் திரும்பியதும் போனவர்கள் எல்லாரும் சபை முன் எழுந்து, கர்த்தர் தங்களை நடத்தியதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும், அது வழக்கம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருவது அதுதான் முதல் தடவை. அந்நிய மண்ணில் சபைக்கு அவமானம் தேடித் தந்ததற்கு நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சாட்சியும் இல்லை, ஞாயிறு வகுப்பும் இல்லை. அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவள் வேலை செய்கிற நான்கு வீடுகளில் இரண்டு, எங்களோடு வந்தவர்களின் வீடு. மன்னிப்புக் கேட்டுத் தொலை என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். அவர் போனதும், "ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வகுப்பை விட்டுவிட என்னால் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் பேசினார்கள். என் பெயர் வரவில்லை. முடிவில் பாஸ்டர் ஐயா, எப்போதும் கேட்கிற மாதிரி, "வேற யாருக்காவது சாட்சி இருக்கா?" என்று கேட்டார். நான் எழுவதற்குள் பக்கத்தில் அம்மா எழுந்துவிட்டாள். பாட்டுத் தவிர சபையில் வாயே திறக்காதவள்.

"எம் பொண்ணு மன்னிப்பு கேக்காது ஐயா. நானு பத்து வருசம் இந்த வரிசைல நின்னுகினு இருந்தேன். துணி நல்லா இல்லன்னு ஒரு நாளும் சொல்லல. போட்டோவுக்குச் சிரின்னு சொல்வீங்களே, அதான் பேஜாரா இருந்திச்சி. சிரிச்சேன். இனிமே சிரிக்க மாட்டேன். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஆமென் சொல்ல ஆள் இல்லை. எனக்கு வகுப்பு போனது, அம்மாவுக்கு ஒரு வீட்டில் வேலை போனது. வந்த டிசம்பரில் எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரும் வரிசைக்குப் போகவில்லை.

சார் காலமாகிவிட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அந்த மண்டபத்தை இடித்து ஏசி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இப்போது சாட்சி சொல்ல வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கூப்பிடுவார்கள். வேறு யாருக்காவது சாட்சி இருக்கிறதா என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. ஏன் என்று போய்க் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? நேரம் போதவில்லையாம். என் அம்மா பேசியதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.