சித்தியின் இருட்டு அலமாரி

எங்கள் மந்தைவெளி வீட்டில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குக் கிடைத்த மரியாதை, சிறுமியான எனக்குக் கிடைத்ததில்லை. அதற்குள் இருந்தது கடல்நீரும், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பாசியும். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்தில் ரிப்பேர் வேலை நடந்ததால் குடுவை எங்கள் அலமாரிக்குக் குடிவந்து, கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்தது.

கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் மங்கிவிடுமாம். ஆழத்தில் நீலம்தான் மிஞ்சுமாம். கண்ணே இல்லாத பாசிக்கு அதெல்லாம் தெரியுமாம். பல நாள் இருட்டிலேயே இருந்துவிட்டு, முதல் வெளிச்சமாக நீலத்தைக் கண்டால் அது என்ன செய்யும் என்று சித்தி பார்க்க வேண்டும். இந்தத் தடவை தப்பினால் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். அதனால் அந்த அறையில் யாரும் லைட் போடக்கூடாது. நான் அங்கே படுத்து, நீலத்துக்குள் மெல்ல இறங்கிக்கொண்டே தூங்கிப்போவேன்.

கார்த்திகை வந்தது. சித்தி அடையாறில் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மூலைக்கு மூலை அகல் வைத்துக்கொண்டே வந்த அம்மா, அலமாரித் துணியை விலக்கி அங்கேயும் ஒன்றை வைத்தாள்.

"சித்தி திட்டுவாம்மா."

"லைட்டுதானே போடக் கூடாதுன்னா? இது சாமி விளக்குடி."

சித்தி திரும்பி வந்தபோது, குடுவையில் பச்சை முழுவதும் அகல் இருந்த பக்கம் ஒதுங்கி நின்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்டி, ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் ஆகலக்கா. உன் விளக்கைப் பார்க்க வந்திருக்கு, பாரேன்."

சொல்லிவிட்டுக் குடுவையை மெல்லத் திருப்பி வைத்தாள். நாங்கள் பொரி உருண்டையைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை கலைந்து, புகைபோல் மிதந்து, மறுபடி சுடரின் பக்கமே வந்து சேர்ந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. கைதட்டினேன். சித்தியும் தட்டினாள்.

சித்தி இன்னும் ஒரு வருஷம் எங்களோடு இருப்பாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அம்மா வைத்த விளக்கின் மகிமை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மாதான் "வாயை மூடு" என்று அதட்டினாள்.

அடுத்த கார்த்திகைக்குள் சித்தி படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள், அலமாரி காலி. அம்மா வீடெங்கும் விளக்கு வைத்தாள், அங்கே மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எண்ணெய் தீந்துடுச்சு."

அவள் கையிலிருந்த பாட்டிலில் பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக அம்மா ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.