மூன்றாவது ஊசிக்கு ஒளிந்தவன்

என் மனைவி மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. டாக்டர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். நான் பாதியைத்தான் கேட்டேன். காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன் நான். வெளியே நின்ற ஆம்புலன்ஸின் இன்ஜின் சத்தத்தில் ஏதோ கோளாறு என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

காத்திவாக்கம் வீட்டுக்கு வந்ததும் என் முதல் அறிவாளித்தனம், அவளுடைய தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தது.

"இன்னாயா இது? நான் குட்ச்ச தம்ளர்ல ஒட்டிக்குமா? ரத்தம், ஒறவு வழியாத்தான் பரவும்னு டாக்டர் சொன்னாரே, நீ எங்க பாத்துகினு இருந்த?"

தம்ளரைக் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்தேன்.

எனக்குப் பரிசோதித்ததில் தொற்று இல்லை. ஆனால் மூன்று தடுப்பூசி போட வேண்டும்: அன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. முதல் ஊசிக்கே பெஞ்சில் படுத்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்சம்மா கேட்டார், "பிரசவம் யாருக்கு? அவங்களுக்கா, உனக்கா?"

இரண்டாவதையும் எப்படியோ தாண்டினேன். மூன்றாவது, பிரசவ மாதத்தில் வந்தது. அலைச்சல் என்று சாக்குச் சொல்லித் தப்பித்தேன்.

மகள் பிறந்தாள். அம்மாவிடமிருந்து அவளுக்குத் தொற்றிவிடாமல் இருக்க, சில மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் எதிர்ப்புச் சக்தி தரும் இன்னொரு ஊசி. வீறிட்டாள், அடங்கினாள். பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஊசி. ஒரு தேதியும் தவறாமல் நானே தூக்கிப் போனேன். தடுப்பூசிக் கார்டைச் சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். பதினான்காவது வாரத்தில், வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பெரியவர்களுக்கான ஊசி அட்டவணையையும் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இவுரு ரெண்டே போட்டுகினு சுத்திகினு கீறாரு, கேளு," என்றாள் கூட வந்திருந்த என் மனைவி.

நர்சம்மா நிமிர்ந்தார்.

"நாள் தவறிப்போச்சே, மொதல்லேந்து மூணும் போடணுமே?" என்று கெட்டிக்காரத்தனமாக இழுத்தேன்.

"வாணாம். வுட்டது ஒண்ணுதான். சட்டக் கைய மடிச்சு வுடு நைனா."

ஊசி இறங்கியதும் கண் இருட்டியது. அட்டவணை கேட்ட பெண்தான் எழுந்து நாற்காலி கொடுத்தாள்.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மனைவி குழந்தையின் முதுகில் முகத்தை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். அத்தனை மாதமும் அவள் எப்படிப் பயந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் கையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.