கட் பண்ணினால் சுகம்

இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லை எங்கள் ஊர்க்காரர்கள் அளவுக்கு வேலை வாங்குகிறவர்கள் இருப்பார்களா, சந்தேகம்தான். கரெண்டு கட் ஆகும். பையன் ஸ்கூலைக் கட் அடிப்பான். கரும்பாலையில் கட்டிங் ஆர்டர் கொடுப்பார்கள். பங்காளியோடு பேச்சைக் கட் பண்ணிக்கொள்வார்கள். கரும்பை வெட்டுவோம், மரத்தை வெட்டுவோம், ஆனால் போனை வெட்டு என்று சொல்லிப் பாருங்கள், அரிவாளைத் தேடுவார்கள். போனைக் கட்தான் பண்ண வேண்டும்.

அம்மா போன பிறகு கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் வயலை ஒட்டிய எங்கள் கொல்லி வீட்டில் அப்பா தனியாக இருந்தார். நான் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில் டீச்சர். அப்பாவுக்குக் காது மந்தம், எங்கள் மலையில் டவர் மந்தம். போனில் பேசினால் ரெண்டு பேரும் கத்திக் கத்தித் தொண்டை வற்றும், ஒன்றும் புரியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலை ஆறு மணிக்கு நான் போன் அடிப்பேன். அவர் கட் பண்ணினால் நன்றாக இருக்கிறார். எடுத்தால் ஏதோ பிரச்சினை, நான் கிளம்பி வர வேண்டும்.

ஒரு நாள் எடுத்துவிட்டார். "ம்மா... ம்மா..." என்றார், லைன் போய்விட்டது. லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் வழியாக வளைவு வளைவாய் இறங்கும் பஸ்ஸில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் டிவி பார்த்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லமா. மனசு ஒரு மாதிரி இருந்துச்சி. உன்னப் பாக்கணும்னு..."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "இதுக்கா என்ன மலைலேர்ந்து எறங்க வெச்ச? எனக்கு வேற வேலை வெட்டி இல்லையா? இனிமே சும்மா சும்மா போன எடுத்தினா பாரு!" என்று பொரிந்து தள்ளினேன். அப்பா டிவியை அணைத்தார். சரிம்மா என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுத்ததில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆரம்பித்த அன்று எனக்கு ஹால் டியூட்டி. ஆறு மணிக்கு அடித்தேன். வழக்கமாக முதல் ரிங்கிலேயே கட் ஆகும், அன்று கொஞ்சம் தாமதம். கட் ஆனதும் நிம்மதியாகி, போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். மதியம் போனை ஆன் பண்ணியதும் எதிர்வீட்டு அக்கா அழைத்தார்.

"டீச்சர், அப்பா கொல்லப்பக்கம் வுழுந்து கெடந்தாருமா. பத்து மணிக்குத்தான் பாத்தேன். ஜிஎச்சுக்கு இட்டுகினு வந்துட்டோம்."

ஐந்து மணிக்கே விழுந்திருக்கிறார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. என் போனுக்காக எழுந்ததுமே செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். நல்ல கையால் அதை எடுத்துக் கட் பண்ணியிருக்கிறார். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்.

அப்பாவின் காதருகே குனிந்து, வழக்கம்போலக் கத்தினேன். "ஏம்ப்பா கட் பண்ண? எடுத்திருக்கலாம் இல்ல?" வார்டே திரும்பிப் பார்த்தது.

வாய் கோணியிருந்தது. என்ன சொல்கிறார் என்று ரெண்டு தரம் கேட்ட பிறகுதான் புரிந்தது.

"நீ திட்டுவ."

மூன்றாம் நாள் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள், அதிகம் கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார், புண்ணியவான் என்றார்கள். ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை அவர் ஈரத்தரையில் கிடந்தார். அன்று ஆறு மணிக்கு நான், அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று, இன்னொரு தோசை ஊற்றிச் சாப்பிட்டேன்.