பற்றறிச் சைக்கிளுக்கு இடமில்லை

ஜேர்மனியில், வுப்பர்டாலில் கடைக்குப் போனாலும் ஏற்றம், திரும்பி வந்தாலும் ஏற்றம். அது எப்படி என்று கேட்காதீர்கள், அங்கே பால் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். அந்த நகரத்தில் காரை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் திரிகிற தமிழனை முதலில் எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். குணசேகரத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

அவர் குழாய் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவர். வந்த புதிதில் எல்லோரையும் போலச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார், பிறகு இந்த வேலைக்கு வந்தார், வந்தவர் அப்படியே இருந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதில் சீனி வருத்தம் பிடித்தது. உடம்பை அசைக்காவிட்டால் ஊசிதான் என்று டொக்டர் சொல்ல, பயந்துபோய் ஒரு பழைய சைக்கிளை வாங்கினார். நல்ல காலமாக அந்த நேரம் நகரத்தின் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருந்தார்கள். ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய ரயில் சுரங்கம் வரைக்கும் போய், நாக்குத் தள்ளத் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு சுரங்கத்துக்கு அப்பால் போனார். ஒரு வருஷத்தில் சீனி இறங்கியது, வயிறு இறங்கியது, வாய் மட்டும் ஏறியது. காணுகிற தமிழரை எல்லாம் பிடித்துச் சைக்கிள் ஓடச் சொன்னார்.

அப்படிச் சேர்ந்ததுதான் ஞாயிறுக் குழு. ஏழெட்டுப் பேர். முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கும் சிவமலர், பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் சைக்கிளோடு வந்து சேரும் சதீசன், இன்னும் சிலர். பங்குனி மாதம் வுப்பர்டாலில் வானம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் ஒரு கிழமை லீவெடுத்துத் தெற்கே வெயிலைத் தேடிப் போவார்கள். ஒரு வருஷம் சிசிலி, ஒரு வருஷம் தெற்குப் பிரான்ஸ். ஆட்கள் விமானத்தில் போவார்கள், சைக்கிள்கள் ஒரு பெரிய வான் வண்டியில் தெருவால் போகும்.

குணசேகரம் அந்தக் குழுவின் வகுப்பு மொனிற்றர். ஹெல்மெற் இல்லாமல் வரக்கூடாது, ஓடும்போது போன் எடுக்கக்கூடாது, முன்னால் போகிறவரை முந்தக்கூடாது என்று அவர்தான் சட்டம் போட்டார். முன்னால் போகிறவரும் எப்போதும் அவர்தான். காற்றை நெஞ்சால் வாங்கிக்கொண்டு அவர் போக, மற்றவர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிச் சுகமாக வருவார்கள். அந்த முதுகைப் பற்றி அவருக்கு நிறையப் பெருமை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எந்த இடத்திலும் அவரை யாரும் முன்னால் விட்டதில்லை.

அலோசியஸ் அவருடைய மிகப் பழைய கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே அகதி முகாமில், ஒரே அறையில், மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலுமாக இருந்தவர்கள். சைக்கிள் குழுவில் முதலில் சேர்ந்தவரும் அலோசியஸ்தான். பிறகு ஒருநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, பளபளவென்று கறுப்பு நிறத்தில் ஒரு பற்றறிச் சைக்கிளோடு வந்து நின்றார். டொக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டாராம். ஏற்றம் வந்தால் மோட்டர் பார்த்துக்கொள்ளுமாம். சொல்லும்போது அவருடைய முகம் பெருநாளுக்குப் புது உடுப்புப் போட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

குணசேகரம் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மச்சான், இது சைக்கிள் ஓடுற ஆக்களின்ர குழு. மோட்டர் சைக்கிள் குழு எங்கேயும் இருந்தா விசாரிச்சுச் சொல்லுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். அலோசியஸும் சிரித்தார். பகிடிதான் என்று யாராவது நினைத்திருந்தால், அன்று பின்னேரமே அந்த நினைப்பும் போயிற்று. குழுவின் வாட்ஸ்அப்பில் குணசேகரம் புதுச் சட்டம் போட்டிருந்தார், பற்றறிச் சைக்கிளுக்கு இடமில்லை என்று. வேகம் குழம்பிவிடும் என்று காரணமும் எழுதியிருந்தார். அடுத்த கிழமை அலோசியஸ் கூப்பிட்டு, பங்குனிப் பயணத்துக்குத் தான் வான் ஓடுவதாகச் சொன்னார். பெரிய மனசு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பங்குனியும், வீடு வீடாகப் போய்ச் சைக்கிள்களை ஏற்றுவதும், ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து அவற்றைக் கொண்டுபோய் இறக்குவதும், வழியில் சோறு கறி சமைத்து வைத்திருப்பதும் அவருடைய வேலையாயிற்று.

இந்த வருஷம் தைமாதம் குணசேகரத்தின் இடது முழங்கால் மடங்க மறுத்தது. எலும்பு டொக்டரிடம் டெர்மின், அதுதான் பார்க்கிற நாள், கிடைக்கவே ஆறு கிழமை ஆனது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, சமதரையில் ஓடலாம், ஏற்றத்தில் மிதிக்கவே கூடாது என்றார். பிறகு, நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு, "இப்பதான் மோட்டர் வைச்ச சைக்கிள் இருக்கே, ஒண்டை வாங்குங்கோவன்" என்ற அர்த்தத்தில் ஜேர்மன் மொழியில் என்னவோ சொன்னார். குணசேகரம் குளிசைக்கு எழுதிய துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி றஞ்சினி கேட்டார், "என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம். வயசாம்."

"அப்ப பங்குனிக்கு ஸ்பெயினுக்குப் போகலாமோ?"

"போகாமல்?"

காலுக்குத் தைலம் பூசிக்கொண்டு, வலிக் குளிசையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். முழங்கால் போனது குழுவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒன்றில் வீட்டில் இருக்கவேண்டும், அல்லது தான் போட்ட சட்டத்தைத் தானே விழுங்கவேண்டும். இரண்டையும்விட வலியே மேல் என்று முடிவெடுத்தார். ஆண்பிள்ளைகள் இப்படியான முடிவுகளை எடுப்பதில் கெட்டிக்காரர்கள்.

செவில் நகரத்தில் ஆரஞ்சுத் தோடை மரங்கள் பூத்திருந்தன. முதல் நாள் வயல்வெளி, தட்டையான தெரு, தப்பினார். அடுத்த நாள் மலை தொடங்கியது. இரண்டு பக்கமும் தக்கை மரங்கள், பட்டை உரித்த அடிமரம் செங்கல் நிறத்தில். மரங்களுக்குக் கீழே கறுத்தப் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்தன. குணசேகரம் முன்னால் போனார். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலுக்குள் கத்தி ஒன்று திரும்பியது. வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, கடைசியில் பன்றிகளே தலை நிமிர்த்திப் பார்க்கிற அளவுக்கு வந்தது. முந்தக்கூடாது என்ற சட்டம் இருந்ததால் ஒருவரும் முந்தவில்லை. எல்லோரும் அவருக்குப் பின்னால் ஊர்ந்தார்கள்.

சிவமலர் மட்டும் சட்டத்தை மீறிப் பக்கத்தில் வந்தார். "அண்ணை, நிப்பாட்டுங்கோ. உங்கட முழங்கால் வெளியால சரியுது. நேற்றே கண்டனான்."

"ஒண்டுமில்லை."

"நான் ஒவ்வொரு நாளும் முழங்கால் பாக்கிறனான். உங்களால ஏலாது. இறங்குங்கோ."

இறங்கினார். இறங்கிய கால் நிலத்தில் நிற்கவில்லை. தெருக்கரையில் இருந்துகொண்டு வானில் இருந்த அலோசியஸுக்கு அவரே போன் எடுத்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், ஆறுதல் சொன்னார்கள், பிறகு ஏறிப் போனார்கள். போகத்தானே வேண்டும். கடைசிச் சைக்கிள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அலோசியஸ் வந்தார். ஏன், எப்போதிருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தூக்கி முன் இருக்கையில் இருத்தினார். மடியில் ஒரு வெங்காயப் பையை வைத்தார்.

"உரி. மத்தியானத்துக்கு வேணும்."

மேலே ஒரு ஊர் முகப்பில் வானை நிறுத்திவிட்டு, அலோசியஸ் கலனை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். குணசேகரத்துக்குக் காலை நீட்டி வைக்க ஒரு தலையணை தேவைப்பட்டது. நொண்டி நொண்டிப் பின்கதவைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வானுக்குள் அவர் எட்டிப் பார்த்தது அன்றுதான். அரிசிப் பை, காஸ் அடுப்பு, பெட்டிகள். ஆகக் கடைசியில், படங்கு போட்டு மூடி, பட்டியால் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று. தலையணை அதற்குக் கீழே இருக்கும் என்று நினைத்து, பட்டியைத் தளர்த்திப் படங்கை இழுத்தார்.

கறுப்புச் சைக்கிள் நின்றது. பளபளப்புப் போயிருந்தது. ரயர் தேய்ந்திருந்தது. சங்கிலிக்கு நன்றாக எண்ணெய் போட்டிருந்தது. மட்கார்டில் சிவப்பு மண் இன்னும் காயவில்லை.

அலோசியஸ் தண்ணீரோடு வந்து பார்த்தார். கலனைக் கீழே வைத்தார்.

"எப்ப ஓடுறனி?" என்று குணசேகரம் கேட்டார்.

"நீங்கள் சாப்பிட்டிட்டு மரத்துக்குக் கீழ படுத்திருக்கேக்க."

"தனியவோ?"

"வேற ஆரோட?"

"சிசிலியிலயுமோ?"

"ஓம். எல்லா இடத்திலயும்."

"ஏன் மச்சான் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான் தானே. அண்டைக்கு, உங்கள் எல்லாருக்கும் முன்னால. நீ சிரிச்சனி." கோபத்தில் சொல்லவில்லை. அரிசி கழுவுவதற்குச் சட்டியை எடுத்தபடி சொன்னார். பிறகு, "நாளைக்கு நீ இதை எடுத்து ஓடு. உன்ர காலுக்கு இது சரி. முன்னுக்குப் போ, நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார்.

அந்தப் பேச்சு குணசேகரத்தை அன்று முழுவதும் விடவில்லை. எடுக்க விருப்பம் இல்லை என்று சொன்னால் பொய். நிறைய விருப்பம். அடுத்த நாள் காலை, மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, வானுக்குப் பின்னால் போய்ச் சைக்கிளை இறக்கினார். ஏறி இருந்து பார்த்தார். இருக்கை அவருக்குப் பதிவாக, தாழ இருந்தது. அலோசியஸ் கட்டையான ஆள். உயர்த்துவதற்குத் திருகுச் சாவியைப் போட்டு அரைச் சுற்றுச் சுற்றினார். அதோடு கை நின்றுவிட்டது. தன்னுடைய காலுக்கு ஒரு சட்டம், கூட்டாளியின் நெஞ்சுக்கு ஒரு சட்டமா என்று நினைத்தார். சுற்றியதைத் திருப்பிச் சுற்றி இறுக்கினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்தார்.

"வான் சாவியைத் தா" என்றார் அலோசியஸிடம். "கியர் தானா மாறுற வான்தானே, எனக்கு ஏலும். நீ இண்டைக்கு இதில முன்னுக்குப் போ."

சதீசன் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அண்ணை, பற்றறிச் சைக்கிள் கூடாதெண்டு நீங்கள்தானே..."

"சொன்னனான். விசர்க் கதை கதைச்சனான்."

அலோசியஸ் சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மத்தியானத்துக்கு முன்பே மலை முடிந்து போர்த்துக்கல் எல்லைக்கு அப்பால் சமவெளி விரிந்தது. மேற்கிலிருந்து காற்று, முகத்தில் அறைகிற காற்று. குணசேகரம் வானில் பின்னால் வந்துகொண்டிருந்தார். முன்னால் அலோசியஸ், ஒரே சீரான வேகத்தில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். அவருடைய முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக, ஒட்டினாற்போல, சிரித்துக் கதைத்துக்கொண்டு. குணசேகரத்தின் முதுகுக்குப் பின்னால் அவர்கள் சிரித்துக் கதைத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. அவர் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக எல்லோரையும் மூச்சு வாங்க வைத்தவர். வேகம் குழம்பும் என்று சட்டம் எழுதியவரும் அவர்தான். பொறாமையாக இருந்தது. அவர்களை முந்திக்கொண்டு சமைக்கப் போனார்.

யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே அடுப்பைப் பற்றவைத்தார். காற்று அணைத்தது, மறுபடி பற்றவைத்தார். சோறு குழைந்தது. பருப்புக்கு உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. பிறகு காத்திருந்தார். தெரு வெறுமையாகக் கிடந்தது. ஒரு டிராக்டர் போயிற்று. இன்னும் வரவில்லை. தான் இல்லாமல் அவர்கள் எங்கோ நன்றாக இருக்கிறார்கள் என்பது விளங்கியது.

வந்தார்கள். சைக்கிள்களைப் புல்லில் போட்டுவிட்டு, வழியில் துரத்திய நாயைப் பற்றி ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கதைத்தார்கள். அந்த நாயைக் குணசேகரம் காணவில்லை. சாப்பாட்டுக் கோப்பைகளை நீட்டினார்கள், அவர் சோறு போட்டுக் கொடுத்தார். எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். உப்புக் கூட என்று சதீசன் சொன்னார். நீங்களும் இருங்கோ என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. பசியும் களையும்தான். வானுக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிறவரை அவர்கள் கவனித்துப் பழகவில்லை. அகப்பையோடு அதே இடத்தில் அலோசியஸ் எத்தனை மத்தியானம் நின்றிருப்பார் என்று குணசேகரம் நினைத்தார். தான் ஒரு தடவைகூட அவரை இரு என்று சொன்னதில்லை. அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு வட்டத்துக்குப் போனார்.

"அலோசியஸ். அண்டைக்கு நான் செய்தது பிழை மச்சான்."

கதை நின்றது. குணசேகரம் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். பரவாயில்லை என்ற சொல்லுக்காக. நம்மவர்கள் அதை உடனே சொல்லிவிடுவார்கள். பெரிய வீட்டை எரித்துவிட்டு வந்து நின்றாலும் பரவாயில்லை, விடுங்கோ என்பார்கள்.

அலோசியஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். வியர்வை காய்ந்த முகத்தில் உப்புப் பூத்திருந்தது.

"ஓம்" என்றார். "பிழைதான்."

பிறகு தன்னுடைய கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் அரக்கி நகர்ந்து, புல்லில் அவருக்கு இடம் விட்டார்.