கதவு சாத்திய பல்லக்கு

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை நிழலில் கூடுவாஞ்சேரி பஸ்ஸுக்காக நிற்கிறேன். கழுத்தில் சிலுவை டாலர் போட்ட டீச்சர் ஒருவர், கப்பலில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய ஜப்பான் படத்தைக் கடை மேஜையில் விரிக்கிறார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம். ஏதோ கோயில் திருவிழா. நீலச் சட்டைக்காரர்கள் நெரிசலில் ஒரு பல்லக்கைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"சாமிக்குத் தங்கக் கலர் பிரேம், மனுசங்களுக்குக் கறுப்பு. இதுக்கு இன்னா போட, டீச்சர்?" என்கிறார் கடைக்கார பாய்.

"வீட்டுக்கு அதிர்ஷ்டம்னு தம்பி எழுதியிருக்கான். ஆனா எங்க வீட்ல வேற சாமி படம் மாட்ட முடியாதே, பாய்."

பாய் படத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார். "பல்லக்குக் கதவு சாத்திகீது. சாமி எங்க தெரியுது? தூக்கினு போறவங்கதான் தெரியறாங்க."

டீச்சர் என் பக்கம் திரும்புகிறார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"எனக்கும் சாமி தெரியலைம்மா."

"அப்ப கறுப்பே போடுங்க" என்கிறார் நிம்மதியாக.

சட்டம் அடித்துச் செய்தித்தாளில் சுற்றித் தருவதற்கும் பஸ் வருவதற்கும் சரியாக இருக்கிறது. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கண்ணாடி நொறுங்கிவிடுமோ என்று டீச்சர் படியிலேயே தவிக்கிறார்.

"இன்னாம்மா அது, இவ்ளோ பெரிசா?" கண்டக்டர் எரிந்து விழுகிறார்.

"சாமி படம்ப்பா! பார்த்து!"

சட்டென்று கைகள் உயர்கின்றன. பல்லக்கு எங்கள் தலைகளுக்கு மேலே, கை மாறிக் கை மாறி முன்பக்கம் போகிறது.